ஆறு மாதம் என்று எல்லோருக்கும் தெரியும்

குழந்தைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கணும் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் ஆறு மாதம் என்று டக்கென்று பதில் வரும். சரி, நேற்று வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெயிலாக இருந்ததே, ரெண்டு ஸ்பூன் தண்ணீர். ராத்திரி அழுதுகொண்டே இருந்தான், அதனால் ஒரு வேளை பால் பவுடர். அவர் பொய் சொல்லவில்லை, தண்ணீரும் கணக்கில் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான், எந்த வெயிலுக்கும் அது போதும். மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் இதெல்லாம் மட்டும் கொடுக்கலாம்.

2023 கணக்குப்படி உலகில் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் 48 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். அதுவும், கடைசி 24 மணி நேரத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எடுக்கிற கணக்கு. முந்தாநாள் தண்ணீர் குடித்த குழந்தையும் அந்த 48-க்குள் வந்துவிடும்.

என்னைக் கேட்டால் எல்லாம் கெடுவது 'பால் பத்தலையோ' என்கிற சந்தேகத்தில்தான். முதல் நாள் சுரக்கும் சீம்பால் ஒரு வேளைக்கு டீஸ்பூன் அளவுதான் இருக்கும், குழந்தைக்கும் அப்போது அவ்வளவுதான் தேவை. அப்புறம் சில வாரம் கழித்து மார்பு கனமில்லாமல் லேசாகிவிடும், சாயங்காலம் ஆனால் குழந்தை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே சிணுங்கும். ரெண்டும் சகஜம். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் 'பாவம், பசி அடங்கலை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், புட்டி வந்துவிடும். புட்டியில் குடித்த குழந்தை அந்த வேளை மார்பில் குடிக்காது, குடிக்காத பால் உள்ளேயே தங்கினால் உடம்பு அடுத்து சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், பத்து நாளில் நிஜமாகவே பால் பத்தாமல் போகும். பாருங்க, நான் அப்பவே சொன்னேன் என்பார்கள்!

முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம், அழுகையை வைத்து முடிவு செய்ய முடியாது. தைராய்டு சிக்கல், மார்பில் செய்த அறுவை சிகிச்சை என்று உண்மையிலேயே சுரப்பு குறைந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பவுடர் கொடுப்பதில் தப்பே இல்லை, எடை பார்த்து மருத்துவரிடம் பேசி முடிவெடுத்தால் சரி.

காம்பு வெடித்து வலிக்கிறது என்பவரிடம் பொறுத்துக்கோ என்று சொல்வதை முதலில் நிறுத்தணும். பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கும், சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகணும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் அன்றைக்கே சரியாகிற விஷயம் இது. வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு வேறு கவலை. பீய்ச்சி எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும், இது தெரிந்தவர்கள்கூட அலுவலகத்தில் பீய்ச்ச இடம் கிடைக்காமல் கழிவறைக்குள் போய் நிற்கிறார்கள், அங்கே இன்னொரு தடவை ஆறு மாதம் ஆறு மாதம் என்று வகுப்பெடுத்து என்ன பிரயோஜனம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையைக் கொடுங்கள்.