பத்துக் கையெழுத்தும் ஒரு கத்தரிக்கோலும்

ராத்திரி பத்தேகால் பஸ்ஸுக்காக நான் கொடுத்த மனுக்கள் மொத்தம் ஏழு. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியது. அடுத்த சில மாதங்களிலேயே எங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ் நின்றுபோனது. நூல் மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிவது பத்து மணிக்கு. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் கரும்புக் காட்டை ஒட்டிய ரோட்டில் நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தால் ஒரு ரசீது கிடைக்கும். பிறகு, உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டதாக ஒரு கடிதம் வரும். ஏழாவது கடிதத்தில்தான் காரணம் என்று ஒன்று இருந்தது: வசூல் போதவில்லை.

எனக்குத் தொழில் தையல். எந்தக் கட்சியிலும் இல்லை, மேடையேறிப் பேசியதும் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் நான் சுயேச்சையாக நின்றதற்குக் காரணம் என் பெரியப்பா.

அவர் 1996இல் மொடக்குறிச்சியில் நின்றவர். விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்த தேர்தல் அது. ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே தள்ளிப்போனது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. பெரியப்பாவுக்கு விழுந்தது இரண்டு. அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என் ரசீதுக் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "மனுவ எடுத்து ஓரமா வெச்சுருவாங்க அம்மிணி. ஓட்ட எண்ணித்தான ஆகோணும்?" என்றார். அந்தப் பேச்சுதான் எனக்குள் தங்கிவிட்டது.

அந்த 1,033 பேருக்குப் பிறகு, அதே ஆண்டில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள்; டெபாசிட் பிறகு இன்னொரு தடவையும் ஏறியது. பெரியப்பா கட்டிய டெபாசிட் 250 ரூபாய்; முன்மொழிய ஒரே ஒருவர் போதும். எனக்கு டெபாசிட் 10,000, முன்மொழியப் பத்துப் பேர். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பணத்துக்குச் சீட்டு எடுத்தேன். ஆனால் அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க நான் பட்ட பாட்டை நிற்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். அவர்களின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பட்டியலில் உள்ளபடியே எழுதப்பட வேண்டும். மில் பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்பி முதலில் அவர்களிடம்தான் போனேன். பாதிப் பேருக்கு ஓட்டு வேறு மாவட்டத்தில்! ராத்திரி இந்த ரோட்டில் பயந்து நடக்கிற பெண்ணுக்கு, இந்த ரோட்டைப் பற்றிக் கேட்க இங்கே ஓட்டு இல்லை. அது அன்றுவரை எனக்கே தெரியாது. உள்ளூரில் ஓட்டு உள்ளவர்களுக்கோ வேறு பயம். "குழு லோனு வர்ற நேரமுங்க்கா", "ரேசன் கடைல மொகம் பாக்கோணுமே", "எங்க ஊட்டுக்காரரு கட்சில இருக்காரு". யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். மனுத்தாக்கலுக்கு முந்தின ராத்திரி இரண்டு பேர் வந்து தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். கூடுதலாக மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். நிற்பதாக இருந்தால் பதின்மூன்று பேரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். கைநாட்டு வைப்பவராக இருந்தால் அதை அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் ஆள் வேண்டும்.

படிவம் 26 என்பது பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு, படிப்பு, கணவரின் வருமானம் எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது. இல்லாததற்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்த என் ஐந்து பவுனைச் சொத்திலும் காட்டினேன், கடனிலும் காட்டினேன். நோட்டரி கையெழுத்தும் வேண்டும். மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தல் செலவுக்கென்று தனியாக வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். இதற்கே எனக்கு மூன்று நாள் ஓடியது.

மனுத்தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை, காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. கொரோனா காலம் என்பதால் கூட இரண்டே பேர்தான் வரலாம். பெரியப்பாவையும் என் கணவரையும் கூட்டிப்போனேன். உறுதிமொழி வாசித்தபோது கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. 20ஆம் தேதி பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டது. அன்று சாயங்காலமே ஒருவர் கடைக்கு வந்து, வாபஸ் வாங்கினால் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் மெஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதலாம். நான் முதலில் எழுதியது தையல் இயந்திரம். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டிருந்தார். குலுக்கலில் அவருக்குப் போய்விட்டது. எனக்கு வந்தது கத்தரிக்கோல். "வெட்டற சின்னமாச்சே" என்று எங்கள் தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுவதே அதுதான் என்று சொன்னேன்.

மொத்தம் 21 வேட்பாளர்கள். ஓட்டு மெஷினில் ஒரு பெட்டிக்கு 16 பொத்தான்தான். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு செய்த மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. எனக்கு 19ஆம் இடம். அதனால் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதில் பாதி, "ரெண்டாவது பெட்டி, மேலிருந்து மூணாவது" என்பதுதான். நோட்டீஸ் 5,000 அடித்தேன். அடித்த அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும், விட்டுவிட்டால் வழக்கு.

நடந்து நடந்து கேட்டதுதான் இந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். மக்களுக்கு அரசாங்கத்தின் மேல் இருப்பது கோபம் என்று நினைத்துத்தான் போனேன். பெரும்பாலான வீடுகளில் கோபம்கூட இல்லை. "யாரு வந்தாலும் நாம வேலைக்குப் போனாத்தான் சோறு" என்று சொல்லிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பையன், "நான் நோட்டாவுக்குத்தான் போடுவேங்க்கா, எல்லார் மேலயும் வெறுப்பு" என்றான். நோட்டா 2013இலிருந்து இருக்கிறது, ஆனால் அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் அடுத்து அதிகம் வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. என்று சொன்னேன். அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. "தெரியும், அதனாலதான் போடறேன்" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வீட்டில், கவர் எப்போது வரும் என்று நேராகவே கேட்டார்கள்.

மில்லுக்குப் போகிற பெண்ணின் அம்மா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் போட்டா பஸ் வருமா கண்ணு?" என்று கேட்டார். வரும் என்று சொல்ல வாய் வரவில்லை. "வராமயும் போலாமுங்கம்மா. ஆனா எத்தன பேரு கேக்கறோம்னு ஒரு கணக்கு வருமுங்க" என்றேன்.

செலவுக் கணக்குப் புத்தகத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பகுதி: அன்றாடச் செலவு, ரொக்கம், வங்கி. டீக்குக்கூட மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்திருக்கும். தேர்தலுக்கு முன் மூன்று தடவை கொண்டுபோய்க் காட்டினேன். அந்தத் தேர்தலில் உச்சவரம்பு 30.8 லட்சம், டெபாசிட் போக எனக்கு ஆனது 31,460 ரூபாய். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாது. தோற்றவர்களில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. முந்நூறுக்கு மேல் வாக்குச்சாவடி. என்னால் ஏஜென்ட் போட முடிந்தது ஆறில். மே 2 அன்று கொரோனா பரிசோதனைச் சான்றோடு எண்ணும் கூடத்துக்குள் போனேன். 14 மேசைகள். ஒவ்வொரு சுற்றிலும் மேசைக்கு மேசை என் பெயருக்கு நேரே மூன்று, ஏழு, இரண்டு என்று விழுந்துகொண்டிருந்தது. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான் டெபாசிட் திரும்பும். நான் வாங்கியது 1,126. பணம் போனது.

ஆனால் படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரின் இரண்டு சாவடிகளில் ஒன்றில் எனக்கு 203 ஓட்டு, இரண்டாம் இடம். மில்லை ஒட்டிய அடுத்த ஊரில், நான் இரண்டே தெருக்களுக்குத்தான் போயிருந்தேன், 94. அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்து, எட்டாவது மனுவோடு பின் பண்ணினேன். ஊரடங்கு தளர்ந்து பஸ்கள் ஓடத் தொடங்கிய பிறகு புது எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்தேன். மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதற்கு அரசே ஈடு தருகிறது, இனி வசூலைக் காரணம் சொல்லக்கூடாது என்றும் மனுவில் எழுதியிருந்தேன். அங்கிருந்த உதவியாளர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தில் நின்றார். "இந்த பூத்துல 203 நீங்களா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து, போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒருவர் கணக்கெடுக்க வந்தார். ராத்திரி பத்து மணிக்கு மில் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். நானும் பக்கத்தில் நின்று எண்ணினேன். அன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் நடந்தவர்கள் 43 பேர்.