ஐந்தாவது துணை

திருப்பாப்புலியூர் என்றுதான் எங்கள் கடலூரில் சொல்வோம். ரயில்வே ஸ்டேஷன் போர்டில் மட்டும் திருப்பாதிரிப்புலியூர் என்று முழுசாக இருக்கும். அந்தப் பெயரை முழுசாக வாயால் சொன்ன ஒரே ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் கணக்கு சார்தான். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுகூட அப்படியே சொல்வார். கண்டக்டர் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கிழித்துக் கொடுப்பார்.

சார் பங்குனியில் தவறிப்போனார். எடுக்கிற அன்றைக்குப் போயிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக முடியவில்லை. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. லீவு கேட்டிருக்கலாம்தான். "பேப்பரைப் பாதியில போட்டுட்டா வந்த?" என்று அவரே கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. முகாம் முடிந்த மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிட்டேன். சித்திரை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அப்பர் கரையேறும் உற்சவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த உற்சவத்தை சார் ஒரு வருஷமும் விட்டதில்லை.

பாடலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தால், சித்திரைக் கல் சாயங்காலத்திலும் சுட்டது. ஓரமாக, நிழல் விழுந்த பக்கமாகவே நடந்தேன். விநாயகரிடம் கொஞ்சம் நின்றேன். இவர் கையில் ஆயுதம் கிடையாது, பாதிரிப் பூங்கொத்துதான். ஈசனின் கண்களை விளையாட்டாகப் பொத்திய அம்பாள், உலகம் இருண்டுபோனதால் பூமிக்கு வந்து ஊர் ஊராகத் தவம் செய்கிறாள். பாதிரி மரக்காடாக இருந்த இந்த இடத்துக்கு வந்ததும் இடது கண் துடிக்கிறது. இங்கேதான் சுவாமி கிடைப்பார் என்று தங்கிவிடுகிறாள். அதனால் அவளுக்கு அருந்தவநாயகி என்று பெயர். பாதிரிக்கு வடமொழியில் பாடலம், அவர் பாடலீஸ்வரர். புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர். ஒன்பதாம் வகுப்பில் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சார் சொன்னது இது. எனக்கு அப்போது சுண்டல் எப்போது கிடைக்கும் என்பதுதான் கவலை.

சுண்டலுக்கு முன்னால் ஒரு கணக்கும் போடச் சொன்னார். மண்டபத்துத் தரையில் கொட்டிக் கிடந்த விபூதியில் விரலால் 380 என்று எழுதினார். "சக வருஷம் 380. நம்ம வருஷத்துக்கு மாத்தணும்னா 78 கூட்டு." 458 என்றேன். "அந்த வருஷம் ஒரு சமண முனிவர் லோகவிபாகம்னு ஒரு நூல் எழுதி முடிக்கிறார். சர்வநந்தின்னு பேர். எந்த ஊர்ல உட்கார்ந்து எழுதினேன்னும் சொல்றார்: பாடலிகா. அது நம்ம ஊர்தான்னு பல பேர் ஆராய்ஞ்சு சொல்லியிருக்காங்க. உலகம் எத்தனை பெரிசுன்னு பெரிய பெரிய எண்ணா வருது அதுல. எண்ணை எல்லாம் சொல்லாலேயே, இடமதிப்பு மாறாம சொல்றார். பூஜ்ஜியத்துக்கும் ஒரு சொல் வெச்சிருக்கார். தேதியோட கிடைச்சதுல இவ்வளவு பழசு வேற அதிகம் கிடையாது." அவர் எழுதிய மூலம் இன்று இல்லை, பின்னால் சிம்மசூரி என்பவர் வடமொழியில் ஆக்கியதுதான் மிச்சம் என்பதையும் சொன்னார். மிச்சம் என்று சொல்லும்போது கையைத் தட்டி விபூதியை உதறினார். அந்த வெள்ளைத் தூசி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிவன் கோயிலில் உட்கார்ந்து சமண நூலைப் பற்றிப் பேசுகிற மனுஷன். ஆனால் அதில் அவருக்கு ஒரு இடைஞ்சலும் இருந்ததில்லை. அப்பரே தருமசேனராக இந்த ஊர்ச் சமணப் பள்ளியில் இருந்தவர்தானே. "நாம பள்ளிக்கூடம்னு சொல்ற வார்த்தையே அங்கேருந்து வந்ததுதாம்மா" என்பார்.

அப்புறம் அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சூலை நோய், அக்கா திலகவதியார், திருவதிகை. சைவத்துக்குத் திரும்பியவரை நீற்றறையில் போட்டார்கள், நஞ்சு கலந்த சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள். கடைசியாகக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல் மிதந்து வந்து கரை சேர்ந்த இடம் கரையேறவிட்ட குப்பம். இன்றைக்கும் அதுதான் பெயர், வண்டிப்பாளையம் பக்கம் இருக்கிறது. கெடிலம் அந்தக் காலத்தில் அந்த வழியாக ஓடியதாம். இப்போது கோயிலுக்கு வடக்கே போகிறது. கல் எப்படி சார் மிதக்கும் என்று ஒரு பையன் கேட்டான். "அதை ஃபிசிக்ஸ் சார்கிட்ட கேளு. கட்டிப் போட்டவங்க கணக்கு தப்பிப்போச்சு, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து சேர்ந்த அன்று, ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "வாங்க டீச்சர், உட்காருங்க" என்றார். எனக்கு உட்காரவே வரவில்லை. பள்ளி வளாகத்துக்குள் கடைசிவரை 'நீங்க'தான். கேட்டைத் தாண்டினால் 'ஏம்மா'. ஒரு நாளும் இது மாறிப்போனதில்லை.

முதல் வருஷம் காலாண்டுத் தேர்வில் ஒரு பையனுக்கு 53 வாங்கியதை 35 என்று ஏற்றிவிட்டேன். அப்பா அவனைப் பெல்ட்டால் அடித்திருக்கிறார். திங்கட்கிழமை முதுகைக் காட்டினான். பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. கை நடுங்கிக்கொண்டு சாரிடம் போனேன். ரெக்கார்டில் திருத்திக்கலாம், விடுங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ரெக்கார்டு கிடக்கட்டும். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார். நீங்களும் வாங்க சார் என்றேன். "நான் எதுக்கு?"

வண்டிப்பாளையத்தில் ஓட்டு வீடு. அந்த அப்பா லோடு ஏற்றுகிற வேலை, வாசலிலேயே நின்றார். பேப்பரைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கத்தவில்லை. பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே திரும்பி, "டேய், இங்க வா" என்று பையனைக் கூப்பிட்டு அவன் தலையில் கை வைத்தார். அந்த அம்மா எனக்குக் கலர் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். தெருமுனைக்கு வந்தால், சார் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் வந்தேன், கழண்டுபோச்சு." விரலில் மை இல்லை, கிரீஸ் இல்லை. ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

தானே புயல் அடித்த வருஷமும் இப்படித்தான். 2011 டிசம்பர் 30 காலையில் காற்று விட்டபோது ஊரில் நின்ற மரத்தை எண்ணிவிடலாம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. கரண்ட் நாள் கணக்கில் இல்லை. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாசம். அப்போது அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். தன் வீட்டுத் திண்ணையில் ஒரு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தார். எந்தப் பள்ளிப் பிள்ளை என்று கேட்கவில்லை.

சரி, கோயிலுக்கு வருகிறேன். அன்றைக்கு ஓதுவார் இருந்தார். சுவாமி சன்னதியில் தீபாராதனை முடிந்து கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரம். கரையேறிய அப்பர் இங்கே பாடிய பதிகத்தை எடுத்தார்.

"ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்..."

இந்தப் பாட்டைப் பற்றி சாருக்கு ஒரு கணக்கு உண்டு. கடலில் தள்ளப்பட்டபோது அப்பர் பாடியது 'சொற்றுணை வேதியன்'. அதன் முதல் பாட்டில் எத்தனை துணை என்று எங்களை எண்ணச் சொல்வார். சொற்றுணை, பொற்றுணை, கற்றுணை, நற்றுணை. நாலு. "எல்லாத் துணையும் ஒண்ணு இல்லம்மா. திருவடி ரெண்டும் சேர்ந்து ஒரு துணை. கூடக் கட்டின கல்லும் ஒரு துணை. நாலும் தண்ணில இருக்கும்போது பாடினது. அஞ்சாவது துணையைக் கரைக்கு வந்தப்புறம்தான் பாடுறார்." அது என்ன என்று மட்டும் சொல்ல மாட்டார். நீயே போய்க் கேள் என்பார். அன்றைக்கு நான் கேட்கவில்லை, சுண்டல் வந்துவிட்டது. அப்புறம் எத்தனையோ தடவை இந்தப் பாட்டைக் கேட்டும், எண்ணிக்கொண்டு கேட்டதில்லை.

ஓதுவார் மூன்றாவது வரியை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, நாலாவது வரிக்கு வந்தார்.

"தோன்றாத் துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே."

கண்ணுக்குத் தோன்றாத துணை. இந்தச் சுவாமிக்கே தோன்றாத்துணைநாதர் என்று ஒரு பெயர் உண்டு. வண்டிப்பாளையத் தெருமுனையும் கவிழ்த்துப் போட்ட சைக்கிளும் எனக்கு அந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தன. தூணில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

குருக்கள் விபூதி கொடுத்தார். சார் வீட்டு அம்மாவுக்கும் சேர்த்து இன்னொரு பிடி கேட்டு வாங்கினேன். மடிக்கக் காகிதம் இல்லை. கைப்பையைத் துழாவினால் வரும்போது பஸ்ஸில் கொடுத்த மகளிர் கட்டணமில்லாச் சீட்டுதான் இருந்தது. அந்த இலவசப் பயணம் வந்த புதிதில், "பார்த்தியா, பூஜ்ஜியத்துக்கும் சீட்டு குடுக்குறாங்க, சர்வநந்திக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவார்" என்று சார் போனில் சிரித்தார். அந்தச் சீட்டிலேயே விபூதியை வைத்து மடித்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பதினாறாம் நாளுக்கு வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பேப்பர் முடிஞ்சுதா?" என்றார். முடிஞ்சுது அம்மா என்று பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கும்போதே ஓரத்தில் விபூதி கொட்டி அவர் மடியில் விழுந்தது.

"என்ன மடிச்சிருக்க? மூணாவது முனையை உள்ள செருகலையே. அவர் மடிச்சா ஒரு துளி கொட்டாது" என்றார். உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. சதுரமாகக் கிழித்து அடுக்கியிருந்த காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய விடைத்தாள்களின் எழுதாத பக்கங்கள். மேலே ஒன்றை எடுத்துத் திண்ணையில் விரித்து, "பாரு, முதல்ல இப்படிக் குறுக்கா" என்று மடிக்க ஆரம்பித்தார்.