எட்டு டிவிடி டிரைவ், ஒரு கம்ப்யூட்டர்: ஸ்டுடியோ அலமாரியைக் காலி செய்த விதம்

தர்மபுரியில் என் மாமா வீடியோ ஸ்டுடியோ நடத்தியவர். விசிடி காலத்தில் தொடங்கி பென்டிரைவ் வந்து தொழிலைக் கெடுத்தது வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோடையானால் தர்மராஜா கோயில் பாரதக் கூத்து என்று எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டு அடுக்கி வைத்திருந்தார். இரண்டு இரும்பு அலமாரி நிறைய. "கல்யாண சிடி கீறிப்போச்சு, இன்னொரு காப்பி இருக்கா?" என்று இன்றைக்கும் யாராவது கேட்டு வருகிறார்கள். எழுதும் டிஸ்க்கில் இருக்கும் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும். இன்னும் சில வருடம் விட்டால் காப்பி கேட்பவருக்குக் கையை விரிக்க வேண்டியதுதான். இந்த ஆடியில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சினிமா டிவிடி எதையும் தொடவில்லை, ஸ்டுடியோ எடுத்தவை மட்டும்.

ஒரே டிரைவில் இந்த வேலை நடக்காது. டிவிடியில் 1எக்ஸ் வேகம் என்பது நொடிக்குச் சுமார் 1.385 எம்பி. 16எக்ஸ் டிரைவ் என்றால் 22 எம்பி வரும், ஆனால் அந்த வேகம் டிஸ்க்கின் வெளி ஓரத்தில் மட்டும்தான். உள்ளிருந்து படிக்கத் தொடங்கும்போது அதில் பாதிகூட இருக்காது. எவ்வளவு பெரிய பிராசசர் போட்டாலும் இதில் எதுவும் மாறாது. என்னுடைய பழைய ஐ3 பிராசசர் இந்த வேலை முழுக்கத் தூங்கி வழிந்தது. காசைப் போட வேண்டியது டிரைவ்களின் எண்ணிக்கையிலும் பவர் சப்ளையிலும்தான்.

இப்போது விற்கிற கண்ணாடி கேபினெட்களில் டிவிடி டிரைவ் மாட்ட இடமே கிடையாது. மாமாவிடம் பழைய டூப்ளிகேட்டர் டவர் ஒன்று மூலையில் கிடந்தது. ஒரு டிஸ்க்கைப் போட்டால் ஏழு காப்பி எழுதித் தரும் பெட்டி. "அதைத் தூக்கிக் காயலாங்கடையில போடுடா, இடத்த அடைச்சுக்கிட்டு" என்றார். எட்டு டிரைவும் ஒன்றாகச் சுழல்வதற்கென்றே செய்த பெட்டி அது. பவர் சப்ளையும் அதற்கேற்ற அளவில் உள்ளேயே இருந்தது. உள்ளிருந்தவையும் சாட்டா டிரைவ்கள், டிரைவுக்கு ஒரு கேபிள் தனியாகப் போகும் வகை. பழைய ஐடிஇ டிரைவாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதில் ஒரு கேபிளை இரண்டு டிரைவ்கள் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்றில் கெட்ட டிஸ்க் மாட்டினால் பக்கத்து டிரைவும் சேர்ந்து நின்றுவிடும்.

காப்பி வேலையை நடத்தும் டூப்ளிகேட்டரின் கன்ட்ரோலர் போர்டைக் கழற்றி எடுத்தேன். அது போனதும் பவர் சப்ளை தானாகக் கிளம்பாது. பெரிய கனெக்டரில் இருக்கும் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்து ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். கம்ப்யூட்டர் தன் பவர் சப்ளையோடு பக்கத்திலேயே தனியாக இருக்கிறது. முதலில் டவரை ஆன் செய்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் டிரைவ்கள் தெரியாது. டவரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு மீட்டர் சாட்டா கேபிள்கள். அதற்குமேல் நீளம் கூடாது.

மதர்போர்டில் நான்கு சாட்டா போர்ட். ஒன்று எஸ்எஸ்டிக்கு, ஒன்று ஹார்ட் டிஸ்க்குக்கு, மீதி இரண்டில் இரண்டு டிரைவ். ஆறு போர்ட் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று போட்டு மற்ற ஆறையும் மாட்டினேன். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் மலிவு டப்பாக்கள் வேண்டாம். ஒரே வயரிலிருந்து பல டிரைவுக்குப் பவர் பிரிக்கும் வார்ப்பு கனெக்டர்களும் வேண்டாம், சூடாகி உருகக்கூடியவை. டிரைவின் தலையில் ஒட்டிய ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை எட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பவர் சப்ளையை முடிவு செய்ய வேண்டும்.

கார்டையும் மூன்று டிரைவையும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். மூன்றும் மூன்று கம்பெனி. பழைய எட்டில் நன்றாக ஓடும் ஐந்தை வைத்துக்கொண்டு, தேய்ந்த மூன்றை மாற்றினேன். வேண்டுமென்றேதான் கலந்து வாங்கினேன். ஒரு டிரைவ் துப்பிய டிஸ்க்கை இன்னொரு கம்பெனி டிரைவ் சர்வசாதாரணமாகப் படிக்கும்.

மென்பொருள் லினக்ஸ், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்தும் முடிந்தவரை படித்தெடுக்கும் டிடிரெஸ்க்யூ, நானே எழுதிய சின்ன ஸ்கிரிப்ட். டிரைவ் எண்ணை அழுத்தி, டிஸ்க் நம்பரைத் தட்டினால் ஐஎஸ்ஓ, அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக, எடுக்கத் தொடங்கும். முடிந்ததும் தட்டு தானாக வெளியே வரும். தட்டு வெளியே வந்திருந்தால் அடுத்த டிஸ்க்கைப் போட வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க்கின் பெயரை நம்பி ஃபைலுக்குப் பெயர் வைக்க முடியாது. ஸ்டுடியோவில் எழுதியவை பாதிக்கு மேல் ஒரே பெயரில் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். டிரைவ்களின் வரிசையும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் மாறலாம். அதனால் போர்ட்டை வைத்து அடையாளம் காணும்படி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். எட்டு டிரைவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் அது திணறும். எனவே முதலில் எஸ்எஸ்டிக்கு, இரவில் ஹார்ட் டிஸ்க்குக்கு.

டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் சுலபமாகப் படிப்பதை மட்டும் எடுத்துவிட்டு, தகராறு செய்யும் இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்துவைக்கும். அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு, அதே மேப் ஃபைலைக் கொடுத்தால் விட்ட இடங்களை மட்டும் தேடிப் படிக்கும். பாலக்கோடு பக்கம் எடுத்த ஒரு கூத்து, விடிய விடிய நடந்ததால் நான்கு டிவிடி. துரியோதனன் படுகளம் வரும் கடைசி டிஸ்க்கின் ஓரம் முழுக்கக் கீறல். பழைய டிரைவ் எடுத்தது போக மிச்சத்தில் பெரும்பகுதியைப் புது டிரைவ் மெதுவான வேகத்தில் எடுத்தது. மீதி ஓட்டைகள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அந்தக் கூத்து வாத்தியாருக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது.

மணமக்கள் போட்டோவைக் காகித ஸ்டிக்கராக ஒட்டிய டிஸ்க்குகள் பெரிய தலைவலி. எடை ஒரு பக்கம் சாய்வதால் வேகமாகச் சுழலும்போது டவரே அதிரும். அவற்றை 4எக்ஸில் ஓட்டினேன். ஓரம் பெயர்ந்த ஸ்டிக்கரை டிரைவுக்குள் விடவே கூடாது. துடைப்பதானால் நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு நேராக, வட்டமாக அல்ல.

விசிடி தனிக் கதை. அதன் வீடியோ தடத்தில் செக்டர் (தகவலைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு) அமைப்பே வேறு, டிவிடிக்கு ஓடும் ஸ்கிரிப்ட் அங்கே பிழையோடு நிற்கும். சிடிஆர்டிஏஓ என்ற மென்பொருள் கொண்டு அப்படியே முழுசாகப் படித்து எடுக்க வேண்டும். பிழைதிருத்தமும் அதில் ஒரு அடுக்கு குறைவு, சின்னக் கீறலுக்கும் படம் உடையும். சிடிக்குப் பளபளக்கும் பக்கத்தை விட எழுத்துப் பக்கம்தான் ஆபத்து. தகவல் அடுக்கு அந்த அரக்குக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே பெயர்ந்திருந்தால் எந்த டிரைவாலும் ஒன்றும் செய்ய முடியாது. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

கேமராவிலேயே எழுதிய 8 செமீ குட்டி டிஸ்க்குகளில் சில ஃபைனலைஸ் (மற்ற டிரைவ்களும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து வைப்பது) செய்யாமல் விட்டவை. டிரைவில் போட்டால் காலி டிஸ்க் என்று காட்டும். அவற்றைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எழுதிய அதே கேமரா ஓடும் நிலையில் கிடைத்தால் ஃபைனலைஸ் செய்து பார்க்கலாம். மற்றதெல்லாம் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று மாமா வீட்டில், ஒன்று என்னிடம்.