சாய்வுக் கூரை அறையும் மாமனார் நெற்றியும்

மாடியில் கூரைக்கு அடியில் இருக்கும் அறையை விருந்தினர் அறை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் தங்கியவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போன முறை வந்த மாமனார், முதல் இரவே தண்ணீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தவர், கூரையில் 'டம்' என்று நெற்றியை இடித்துக்கொண்டார். மறுநாள் காலை தொங்கும் விளக்கில் ஓர் இடி. மூன்றாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, "நான் ஹாலிலேயே படுத்துக்கறேன் மாப்பிள்ளை, எனக்கு ஒண்ணும் சிரமமில்ல" என்றார். அப்போது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த அறையை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அறை இப்படி: நீளம் 4 மீட்டர், அகலம் 3.6 மீட்டர். நீளவாக்கில் இரண்டு பக்கமும் சுவர் 90 செ.மீ. உயரம்தான். அங்கிருந்து கூரை 45 பாகையில் ஏறி, நடுவில் 110 செ.மீ. அகலத்துக்கு மட்டும் 215 செ.மீ. உயரத்தில் மட்டமாக ஓடும். ஒரு கோடிச் சுவரில் கதவு, எதிர்க்கோடியில் ஜன்னல். நான் கட்டம் போட்ட தாளில் தரையை வரைந்து, 14.4 சதுர மீட்டர், தாராளமான இடம் என்று சந்தோஷப்பட்டேன். தாளில் கூரை தெரியாது. அங்கே தொடங்கியது வினை.

முதலில் வாங்கியது ஓர் அலமாரி. இதை வரிசை மாற்றிச் செய்திருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும். உயரம் 210, ஆழம் 60. கதவுக்குப் பக்கத்தில், மட்டமான கூரைக்குக் கீழே வைப்பதாகத் திட்டம். கடைக்காரரிடம் கூரையின் உயரத்தைச் சொன்னேன். "215 இருக்கில்ல சார், தாராளமா நிக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நின்றிருந்தால் நின்றிருக்கும்தான். நிமிரத்தான் இல்லை.

பொருத்த வந்த இருவரும் பலகைகளைத் தரையில் படுக்கவைத்து, ஒன்றரை மணி நேரம் திருகி முடித்து, "ஒரு கை குடுங்க சார்" என்று தூக்கினார்கள். முக்கால்வாசி நிமிர்ந்ததும் மேல் மூலை கூரையில் முட்டியது. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். கூரையில் இரண்டு கீறல் விழுந்ததுதான் மிச்சம். படுத்திருக்கும் அலமாரி நிமிரும்போது அதன் உயரம் மட்டும் போதாது, மூலைவிட்டத்துக்கும் இடம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான்: 210-இன் வர்க்கமும் 60-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 218 செ.மீ.க்குச் சற்று மேலே வரும். என்னிடம் இருந்தது 215. மூன்றரை சென்டிமீட்டருக்காக மூன்று ஆண்கள் வியர்த்துக்கொண்டு நின்றோம்.

கடைக்குப் போன் செய்தேன். பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். இரண்டாவது முறை வேறொருவர் எடுத்து, பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளைப் படித்தீர்களா என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால், நான்காம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் 'கூரை உயரம் குறைந்தது 220 செ.மீ.' என்று இருக்கிறது. பெட்டியைப் பிரித்த பிறகு படிக்கக் கிடைக்கும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசியில் அதைக் கழற்றிக் கீழே எங்கள் படுக்கையறையில் மறுபடி பொருத்தினோம். துகள் பலகையில் திருகை ஒருமுறை கழற்றினால் பழைய பிடிப்பு வராது. ஒரு கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை.

நீங்கள் இப்படிப்பட்ட அறைக்கு அலமாரி வாங்குவதாக இருந்தால் மூலைவிட்டத்தைக் கணக்கிடுங்கள், அல்லது நின்ற நிலையிலேயே பொருத்தும் வகையா என்று கேளுங்கள். அதுவும் கடைக்குள் நிற்கும்போதே.

அப்புறம்தான் ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். அவர் என் வரைபடத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், கடைசிவரை பிரிக்கவே இல்லை. இரண்டு குச்சிகளை அறுத்தார். ஒன்று 140 செ.மீ., இன்னொன்று 190. "சின்னது கட்டில்ல உக்கார்ற ஆளு, பெருசு நிக்கிற ஆளு" என்றார். கட்டில் மெத்தையோடு 45 செ.மீ., அதன் மேல் உட்காருபவருக்கு ஒரு 90, கொஞ்சம் மூச்சுவிட இடம். குச்சியை நேராகப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார். அது கூரையில் தட்டும் இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். சின்னது சுவரிலிருந்து 50 செ.மீ.யில் தட்டியது, பெரியது 100 செ.மீ.யில். எதிர்ப்பக்கமும் அதேதான். பத்தே நிமிடம். நிமிர்ந்து நடக்கக்கூடிய இடம் நடுவில் 160 செ.மீ. பட்டை மட்டும், அதாவது 6.4 சதுர மீட்டர். என் தாராளமான அறையில் பாதிகூட இல்லை.

மாமனார் ஏன் இடித்துக்கொண்டார் என்பதும் அந்த டேப்பைப் பார்த்ததும் விளங்கியது. கட்டிலின் தலைமாடு குட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. அங்கே தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்தில் கூரை, அதில் அறுபதை அந்தப் பழைய உயரக் கட்டிலே தின்றுவிட்டது.

கட்டிலை ஜன்னல் பக்கம் தலைவைத்து நடுவில் போடலாம் என்றேன். தச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. 150 செ.மீ. அகலக் கட்டில் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் இறங்குபவர் சாய்வுக்கு அடியில்தான் எழுந்து நிற்க வேண்டும். அவர் சொன்ன வழி, 90 செ.மீ. அகலத்தில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் 110 செ.மீ. நடைபாதை. அது சரியாக மட்டக் கூரைக்குக் கீழே வருகிறது. இருவரும் நடுவை நோக்கித்தான் எழுந்தாக வேண்டும், அங்கே 215 இருக்கிறது. "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் யாரும் தலையை இடித்துக்கொள்வதில்லையே.

கட்டிலுக்கும் குட்டைச் சுவருக்கும் நடுவே 35 செ.மீ. மிஞ்சியது. அங்கே பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

அலமாரிக்குப் பதிலாகக் குட்டைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் முக்கோண வெற்றிடத்தில் இழுப்பறைகள் செய்தோம். சுவர் வெறும் பலகைதான், அறுப்பது சுலபம். ஆனால் அறுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டது என் வாழ்நாளின் புத்திசாலித்தனங்களில் ஒன்று. நாங்கள் பென்சில் கோடு போட்ட இடத்துக்குப் பின்னால், ஒரு விரல் தூரத்தில், கீழ்த்தளத்துக்குப் போகும் மின்கம்பி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு சங்கடம்: வெற்றிடம் 90 செ.மீ. ஆழம் என்று பார்த்ததும் மூன்று அடுக்கு இழுப்பறை போடலாம் என்று ஆசை வரும். உயரே போகப் போக ஆழம் குறைந்துகொண்டே வரும், வெப்பம் தடுக்கும் பஞ்சுக்கும் இடம் விட வேண்டும். அந்தப் பஞ்சை அமுக்கித் திணித்தால் அது சரியாக வேலை செய்யாது. ஆக ஒரே அடுக்கு, தரையோடு, 45 செ.மீ. ஆழத்தில். அதுவும் கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி, கதவுப் பக்கம் மட்டும்தான். கட்டிலுக்குப் பின்னால் போட்டிருந்தால் இழுத்துத் திறக்கவே முடிந்திருக்காது. முதலில் அங்கேதான் கோடு போட்டிருந்தேன் என்பதைத் தச்சர் யாரிடமும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

பெயிண்டில் ஒரு நாள் வீண். சுவருக்கு நீலம், சாய்வுக்கு வெள்ளை என்று அடித்தோம். இரண்டும் சேரும் விளிம்பு நேராகவே இல்லை என்பது நிறம் மாறிய பிறகுதான் தெரிந்தது, பாம்பு போனது போல ஒரு கோடு. மறுநாள் சுவர், சாய்வு, மேல்கூரை எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர்நிறம், பளபளப்பில்லாத மேட். விளிம்பு மறைந்தது, அலமாரி போட்ட கீறலும் மறைந்தது. தொங்கும் விளக்கைக் கழற்றிக் கூரையோடு ஒட்டிய விளக்கு ஒன்றும், ஒவ்வொரு தலைமாட்டிலும் சுவர் விளக்கும் போட்டோம். சுவிட்ச் படுத்தபடியே கைக்கு எட்டும். துணி மாட்டக் கதவுக்குப் பின்னால் கொக்கிகள்.

போன வாரம் மாமனார் வந்தார். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை, மேலே 'டம்' கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் அவர் படியிறங்கி வந்தபோது நாங்கள் இருவரும் அவர் நெற்றியைத்தான் பார்த்தோம். ஒன்றுமில்லை.

"எப்படி மாமா இருந்துச்சு?" என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மெத்தைதான் கல்லு மாதிரி இருக்கு."