0.2 பாயின்ட்டும் ஒரு பணியாரக்கல்லும்

அமெரிக்காவோட மேற்குக் கரைல இருக்குற ஆரிகன் மாநிலத்துக்கு வந்த புதுசுல யார் வீட்டுக்கு சாப்பிடப் போனாலும் கேக்குற மொத கேள்வி மல்ட்னோமா ஃபால்ஸ் போய்ட்டீங்களா, ரெண்டாவது கேள்வி பீச் போய்ட்டீங்களா. யூஜீன் போய்ட்டீங்களான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல. எங்க ஹில்ஸ்பரோல இருந்து ஐ-5 புடிச்சு தெக்க ரெண்டு மணி நேரம் போனா வர்ற ஊரு, யுனிவர்சிட்டி ஆஃப் ஆரிகன் இருக்குற ஊரு, பாக்க சாதுவா இருக்கும், ஆனா அந்த ஊருக்கு ஓட்டப்பந்தயம்னா கிறுக்கு. நம்ம ஊர்ல ஜல்லிக்கட்டு காளைய எப்படி பேரு சொல்லி, போன வருஷம் எங்க எப்படி நின்னு வெளையாண்டுச்சுன்னு பேசுவாங்களோ, அந்த மாதிரி அங்க ஓடுறவங்கள பேசுறாங்க.

நான் பத்தாவது வரைக்கும் 800 மீட்டர் ஓடிட்டு இருந்தவ. ஜோனல்ல ஃபர்ஸ்ட், டிஸ்ட்ரிக்ட்ல தேர்ட், அதோட முடிஞ்சது, பரிட்சை வருதுன்னு வீட்ல சொன்னாங்க, பரிட்சை மட்டும் காரணம் இல்லன்னு எனக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். நாங்க ஓடுறப்ப பாக்குறதுக்கு பி.டி. சார் ஒருத்தரு, அப்புறம் காம்பவுண்டு சுவத்துக்கு வெளிய டீக்கடைல நிக்கிற நாலு பேரு. அந்த நாலு பேரு டைமிங் பாக்கல, அது வேற கதை.

2017 ஜூன்ல எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ்ல ஒருத்தர் போக முடியலன்னு ரெண்டு டிக்கெட் குடுத்தாரு. இவரு ஃபுட்பால்னு நெனச்சு வாங்கிட்டு வந்துட்டாரு. பாத்தா என்.சி.ஏ.ஏ. அத்லெட்டிக்ஸ் ஃபைனல்ஸ், அமெரிக்காவுல இருக்குற அத்தன காலேஜுக்கும் சேத்து நடக்குற மீட், கடைசி நாள், முழுக்க பொம்பளப் பிள்ளைங்க ஈவென்ட்டு. இடம் ஹேவர்ட் ஃபீல்டு.

அப்ப பழைய ஹேவர்ட் ஃபீல்டு. 1919ல ஃபுட்பாலுக்குன்னு ஆரம்பிச்ச கிரவுண்டு, ரெண்டு வருஷம் கழிச்சு சுத்தி டிராக் போட்டாங்க, 1904ல இருந்து 1947 வரைக்கும் அங்கயே கோச்சா இருந்த பில் ஹேவர்ட் பேருதான் கிரவுண்டுக்கு. கிழக்கால இருந்த ஸ்டாண்டு 1925ல கட்டினது, எல்லாம் மரம். ரேஸ் கடைசி லேப்புக்கு வந்துச்சுன்னா மொத்த ஜனமும் கால வச்சு பலகைய மிதிக்கும் பாருங்க, சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி முதுகெலும்புல வரும். மரத்தேர் நெலைல இருந்து கெளம்புறப்ப ஒரு கடகடன்னு வருமே, அந்த மாதிரி.

எங்களுக்குப் பக்கத்துல ஒரு பாட்டி. எழுபது இருக்கும். கழுத்துல ஸ்டாப் வாட்ச், மடில புரோகிராம் புக், காதுல பென்சில். ஒவ்வொரு ஹீட்டுக்கும் லேப் டைம எழுதிக்கிட்டே இருந்தாங்க. நான் அஃபிஷியலோன்னு நெனச்சு கேட்டேன், சிரிச்சுட்டு, நான் ரிட்டயர்டு டீச்சர், சின்ன வயசுல இருந்து வர்றேன்னாங்க. சுத்திப் பாத்தா இன்னும் நாலஞ்சு கழுத்துல வாட்ச்சு.

அன்னிக்கு நடந்தது இன்னைக்கும் எனக்கு நம்ப முடியாத மாதிரிதான் இருக்கு. எட்டு பேருக்கு பாயின்ட்டு, ஃபர்ஸ்ட்டுக்கு 10, செகண்டுக்கு 8, அப்படியே எறங்கி எட்டாவதுக்கு 1. டை ஆச்சுன்னா பாயின்ட்ட பங்கு போடுவாங்க, அதனாலதான் தசமம் எல்லாம் வரும். கடைசி ஈவென்ட்டு 4x400 ரிலே. அதுக்கு முன்னாடி ஜார்ஜியா யுனிவர்சிட்டி 62.2ல நிக்குது, நம்ம யூஜீன் டீம் ஆரிகன் 54. பாட்டி பென்சில எடுத்து புக் ஓரத்துல 54ம் 8ம் 62ன்னு எழுதி, கீழ 62.2ன்னு எழுதி, அந்த 0.2வ சுத்தி வட்டம் போட்டு என்கிட்ட நீட்டினாங்க. அதாவது செகண்ட் வந்தா பிரயோஜனம் இல்ல. ஜெயிச்சே ஆகணும்.

இதுல என்னன்னா அந்த வருஷம் ஆரிகன் பொண்ணுங்க 2016 நவம்பர்ல கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்லு மேடு பள்ளம்னு டிராக்குக்கு வெளிய ஓடுற போட்டி, ஜெயிச்சாச்சு, அதுவும் மிச்சிகன விட ஒரே ஒரு பாயின்ட்டுல, 125க்கு 126, அங்க பாயின்ட்டு கொறைவா இருக்குறவங்கதான் வின்னர். மார்ச்ல கூரைக்குள்ள நடக்குற இன்டோர் மீட்டும் ஜெயிச்சாச்சு. இத ஜெயிச்சா ஒரே கல்வியாண்டுல மூணும், பெண்கள் டீம் எதுவும் அதுவரைக்கும் செஞ்சதில்ல.

ரேஸ நான் எப்படி பாத்தேன்னு கேட்டா, பாக்கல. மொத லெக் மெக்கென்ஸி டன்மோர் வரைக்கும் பாத்தேன், அப்புறம் முன்வரிசை மொத்தமும் எந்திரிச்சு நின்னுருச்சு, நான் இருக்குற ஒயரத்துக்கு முதுகுங்கதான் தெரிஞ்சுது. கடைசி லெக் ரேவின் ராஜர்ஸ், அதே நாள் 800 ஓடி ஜெயிச்ச பொண்ணு, 800 ஓடிட்டு அதே நாள் ஒரு 400னா என்னன்னு ஓடினவளுக்குத்தான் தெரியும், கால் காலாவே இருக்காது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கீழ பலகை அதிர்றது, பக்கத்துல பாட்டி வாட்ச்ச அமுக்கின கை, அப்புறம் அவங்க உக்காந்துட்டாங்க, அழுதாங்க. 3 நிமிஷம் 23.13 செகண்டு, காலேஜ் ரெக்கார்டு. 64க்கு 62.2. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் புரியல, ஆனா அவரும் மிதிச்சாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு பாட்டி சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க, நான் இங்க படிச்சப்ப பொண்ணுங்களுக்கு டீமே கெடையாது, ஸ்டாண்டுல உக்காந்து பசங்களுக்கு டைம் எடுத்துதான் பழகினேன்னு. வரலாறும் அப்படித்தான் இருக்கு. அந்த ஊரோட பெரிய சாமி பில் பவர்மேன், 1972 வரைக்கும் கோச்சு, 1962, 64, 65, 70ன்னு நாலு நேஷனல் டைட்டில். அவரு பசங்களுக்கு வச்ச பேரே 'மென் ஆஃப் ஆரிகன்'. மென் மட்டும். படிப்புலயும் விளையாட்டுலயும் பொண்ணுங்கள ஒதுக்கக் கூடாதுங்கிற டைட்டில் நைன் சட்டம் 1972ல வந்த பெறகுதான் கதவு தெறந்துச்சு, 1985லதான் பெண்கள் டீம் மொத அவுட்டோர் டைட்டில் ஜெயிச்சுது. இத எல்லாம் யாரும் மறைக்கல, ஆனா பவர்மேன் பெருமை பேசுறப்ப வேகமா தாண்டிப் போயிருவாங்க.

பவர்மேன் ஆளு ஒரு தினுசு. இரண்டாம் உலகப்போர்ல இத்தாலி மலைல சண்ட போட்டவரு. சானா ரூம்ல சாவிக்கொத்த சூடு பண்ணி புதுப்பசங்க தொடைல வைப்பாராம், இப்ப வச்சா ஜெயில்தான். ஆனா ஒரு நாள் கஷ்டமா ஓடு, அடுத்த நாள் லேசா ஓடுன்னு இன்னைக்கு ஊரே சொல்ற சூத்திரம் பரவினதுல அவரு பங்கு பெருசு. கூடைப்பந்து ஆட வந்த ஓட்டிஸ் டேவிஸ்னு ஒருத்தர் இருபத்தாறு வயசுல முதன்முதலா ஓட்டத்துக்கு இவருகிட்ட வந்தாரு, ரெண்டே வருஷம், 1960 ரோம்ல 400 மீட்டர் தங்கம், 44.9, உலக சாதனை. இருபத்தாறு வயசுல ஆரம்பிச்சு! நான் பதினஞ்சுல ரிட்டயர் ஆகிட்டேன்.

ஜாகிங்க அமெரிக்காவுல பரப்பினதுலயும் இவரு கை இருக்கு. 1962 கடைசில நியூசிலாந்து போனப்ப ஆர்தர் லிடியார்டுன்னு அங்கத்து கோச் இவர ஒரு ஞாயித்துக்கிழம ஓட கூட்டிட்டுப் போயிருக்காரு. ஹார்ட் அட்டாக் வந்து பொழச்ச, எழுபது தாண்டின ஒரு பெரியவரு இவருக்காக மெதுவா ஓடி துணைக்கு வந்தாராம். கோச்சுக்கு எப்படி இருந்திருக்கும்! திரும்பி வந்து ஹேவர்ட் ஃபீல்டுலயே ஊர் ஜனத்துக்கு ஜாகிங் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம் வாஃபிள் விஷயம், வாஃபிள்னா கட்டம் கட்டமா அச்சு விழுந்த ஒரு அப்பம். தன்கிட்ட ஓடின ஃபில் நைட்டோட சேந்து, ஆளுக்கு 500 டாலர் போட்டு, 1964ல செருப்புக் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாரு, அதுதான் பின்னாடி நைக்கி. 1971ல, புது சிந்தெடிக் டிராக்குக்கு ஆணி இல்லாம பிடிமானம் வேணுமேன்னு யோசிச்சுக்கிட்டு காலைல வாஃபிள் சாப்பிட உக்காந்தவரு, அந்தக் கட்டம் ஷூ அடிக்கு ஆகும்னு தோணி, பொண்டாட்டி பார்பரா வாஃபிள் சுடுற அயர்ன எடுத்து அதுல ரப்பர் மாதிரி இறுகுற யுரித்தேன் ஊத்திட்டாரு. ஒட்டாம இருக்க ஒண்ணும் தடவல, அயர்ன் அப்படியே ஒட்டி தெறக்க முடியாமப் போச்சு. அந்த அயர்ன் 2010ல அவங்க வீட்டுக் கொல்லைல குப்பைக்குழி தோண்டுறப்ப கெடச்சுது. எல்லாரும் இந்தக் கதைய மேதையோட கதையா சொல்றாங்க. எனக்கு என் பணியாரக்கல்லுதான் ஞாபகம் வருது. எங்கம்மா குடுத்தது, எண்ணெய் ஏறி ஏறி வழுவழுன்னு பழகின கல்லு, அதுல ஒருத்தர் ரப்பரக் காய்ச்சி ஊத்தினாருன்னா, நைக்கியாவது கிக்கியாவது, அன்னிக்கு வீட்ல வேற கதை நடந்திருக்கும். பார்பரா அம்மா பொறுமைசாலி.

ஸ்டீவ் பிரிஃபான்டெய்ன் பத்தி சொல்லாம யூஜீன் பத்தி எழுத முடியாது. அங்க யாரும் முழுப்பேரு சொல்ல மாட்டாங்க, 'ப்ரீ', அவ்வளவுதான். கூஸ் பேன்னு கடலோர மரம் அறுக்குற ஊர்ல இருந்து வந்த பையன். 1970ல இருந்து 73 வரைக்கும் நாலு வருஷமும் 3 மைல், 5000 டைட்டில் அவனுக்கே. மொத லேப்ல இருந்தே முன்னாடி போவான், பின்னாடி பதுங்கி கடைசில தாவுற வேலையெல்லாம் கெடையாது. ஹேவர்ட் ஃபீல்டுல ஒரு மைலுக்கு மேல ஓடின எந்த ரேஸும் அவன் தோத்ததில்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்ல 5000 மீட்டர், தங்கத்துக்குத்தான் ஓடினான், கடைசி சில மீட்டர்ல வெண்கலமும் கைவிட்டுப் போயி நாலாவது. 1975 மே 29 சாயங்காலம் ஹேவர்ட் ஃபீல்டுல ஒரு 5000 ஜெயிச்சான், நடுராத்திரி தாண்டி ஸ்கைலைன் ரோட்டுல கார் பாறைல மோதி கவுந்து செத்துப் போயிட்டான். 24 வயசு. 2000ல இருந்து 10000 மீட்டர் வரைக்கும் அத்தன அமெரிக்க ரெக்கார்டும் அப்ப அவன் பேர்ல.

அந்தப் பாறை இன்னும் இருக்கு, ப்ரீஸ் ராக். நாங்க போனப்ப தூறல். சின்ன ரோடு, வளைவு, மரநெழல், பாறைக்குக் கீழ நனைஞ்ச ஷூ, பிப் நம்பரு, மெடலு, யாரோ வச்ச சில்லறை. நம்ம ஊர்ல எல்லைச்சாமிக்கு செருப்பு செஞ்சு வைக்கிறது மாதிரியேதான், ஒரு சின்னப்புள்ள ஷூ கூட இருந்துச்சு, லேஸ் முடிச்சு போட்டபடி.

அமெரிக்க ஃபுட்பால் பத்தி எங்க வீட்டுக்காரர எழுதச் சொன்னா தனி பிளாக் ஆரம்பிப்பாரு. எனக்குப் புடிச்சது அங்க இருக்குற வாத்து மட்டும்தான். 1947ல யுனிவர்சிட்டி ஆளு ஒருத்தரும் வால்ட் டிஸ்னியும் வெறும் கைகுலுக்கி பேசி முடிச்சதுல டொனால்டு டக் அவங்க சின்னமா ஆயிருச்சு, பேப்பர் கெடையாது ஒண்ணும் கெடையாது. டீம் பாயின்ட்டு எடுக்க எடுக்க மொத்த ஸ்கோர் எவ்வளவோ அத்தன தண்டால் எடுக்கும் அந்த வாத்து. 42 எடுத்தா 42. பாவம். கூடைப்பந்துல 1939ல நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. போட்டிய ஜெயிச்சதும் ஆரிகன்தான், அதோட அந்த விஷயத்த விடுறேன்.

2018ல அந்த மர ஸ்டாண்ட இடிச்சுட்டாங்க. ஃபில் நைட் காசு, புது ஸ்டேடியம், வளைஞ்ச கூரை, ஒலிம்பிக் ஜோதி மாதிரி ஒரு டவரு, அதுல பவர்மேன், ப்ரீ, ஓட்டிஸ் டேவிஸ், டெகாத்லான் வீரர் ஆஷ்டன் ஈட்டன், கூடவே நம்ம ரேவின் ராஜர்ஸ். அந்தப் பொண்ணு படத்தப் பாத்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா ஊர்ல பல பேருக்கு இடிச்சது புடிக்கல, எனக்கும் புடிக்கல, சும்மா மராமத்து பண்ணியிருக்கலாம்.

பழைய ஸ்டாண்டு இருந்த கடைசி பெரிய மீட் 2018 ஜூன் என்.சி.ஏ.ஏ., அதுல ஹை ஜம்ப் ஜெயிச்சது நம்ம தேஜஸ்வின் சங்கர், டெல்லில பொறந்து வளந்த தமிழ்ப் பையன், கான்சாஸ் ஸ்டேட்ல படிச்சான், 2.24 மீட்டர். 2022ல புது ஸ்டேடியத்துலயும் அவனே, 2.27. பழசுலயும் புதுசுலயும்! அதே வருஷம் ஜூலைல உலக சாம்பியன்ஷிப்பு அங்க வந்துச்சு, அமெரிக்காவுக்கே அதுதான் மொத தடவ. நாங்க ரெண்டு குடும்பம் சேந்து நீரஜ் சோப்ராவப் பாக்கப் போனோம், புளிசாதம் கட்டிக்கிட்டு, கொடி எடுத்துக்கிட்டு. மொத எறி ஃபவுல். அடுத்து 82.39. எங்க கோஷ்டி கப்சிப். மூணாவது 86.37, நாலாவது 88.13, வெள்ளி. வெண்கலம் வாங்கினவரு 88.09, நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். கிரெனடா நாட்டு ஆண்டர்சன் பீட்டர்ஸ் 90.54 போட்டு தங்கம் வாங்கினப்ப யூஜீன் ஜனம் அவருக்கும் அதே அளவு கை தட்டுச்சு, யாரு எந்த நாடுன்னு பாக்கல, தூரத்தப் பாத்துச்சு. கைதட்டல் எல்லாம் அருமைதான். ஆனா கால மிதிச்சுப் பாத்தேன், கான்கிரீட்டு, சத்தமே வரல.

போன மாசம் மறுபடி போனோம். ஆத்தோரமா ப்ரீஸ் டிரெயில்னு ஒரு பாதை இருக்கு, மரப்பட்டைத் தூள் பரப்பின பாதை, வெளிநாட்டுல அந்த மாதிரி பாதைல ஓடிட்டு வந்து நம்ம ஊர்லயும் வேணும்னு ப்ரீ கேட்டது, அவன் போன பெறகுதான் தெறந்தாங்க. இருபது வருஷம் கழிச்சு ஓடலாம்னு ஒரு வேகத்துல எறங்கிட்டேன். ரெண்டு மைல்ல மூச்சு முட்டி இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி இருந்து ஒரு பாட்டி, வெள்ள முடி, பச்ச தொப்பி, நின்னு எல்லாம் கேக்கல, ஓடிக்கிட்டே என்னத் தாண்டுறப்ப, தோள எறக்கு, கைய இறுக்காதன்னு சொல்லிட்டு கைல இருந்த வாட்ச்சப் பாத்துக்கிட்டே போயிட்டாங்க.

தோள எறக்கினேன். இன்னும் ஒரு மைல் ஓடினேன்.