ஏஆர்எஸ் வைவா: தீசிஸ் தெரியும் சரி, அதுக்கு காசு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா?

ஏஆர்எஸ், அதாவது வேளாண் ஆராய்ச்சி விஞ்ஞானி வேலைக்கான பரீட்சை, ரிசல்ட் வந்ததுல இருந்து எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், என்ன புக் படிச்சீங்கன்னு. ப்ரிலிம்ஸுக்கும் மெயின்ஸுக்கும் நீங்க படிக்கிற அதே புக்குதாங்க, புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. சீனியர்ஸ் நோட்ஸ் கிடைச்சா வாங்கிக்கோங்க, பழைய கொஸ்டின் போட்டுப் பாருங்க. நான் எழுத வந்தது வைவா (நேர்காணல்) பத்தி, அதுலயும் ஒரே ஒரு விஷயம். 60 மார்க்தானேன்னு அசால்ட்டா விடாதீங்க, மெயின்ஸ்ல அரை மார்க்கு ஒரு மார்க்குல எல்லாரும் நெருக்கிட்டு நிக்கிறப்ப லிஸ்ட்டு தலைகீழா மாறுறது அங்கதான்.

என் டிசிப்ளின் ப்ளான்ட் பிரீடிங், பிஎச்டி நிலக்கடலையில. லீஃப் ஸ்பாட், ரஸ்ட் நோய், மார்க்கர், ஸ்டெபிலிட்டி அனாலிசிஸ்னு கரைச்சு குடிச்சுட்டுப் போனா, போர்டுல முதல் கேள்வியே "உங்க ட்ரையலுக்கு யாரு பணம் குடுத்தாங்க?" ஏஐசிஆர்பி (ஒரு பயிருக்கு நாடு முழுக்க பல சென்டர்ல நடக்குற கூட்டு ஆராய்ச்சி திட்டம்) சார்னேன். ஐசிஏஆர் (டெல்லில இருக்குற வேளாண் ஆராய்ச்சி கவுன்சில்) எவ்ளோ ஸ்டேட் எவ்ளோ? 75க்கு 25. சரி, அந்த 25 டயத்துக்கு வரலன்னா சென்டர்ல எது முதல்ல நிக்கும்? விவசாயம் ஸ்டேட் சப்ஜெக்டாச்சே, அப்புறம் டெல்லி எதுக்கு காசு குடுக்கணும்? இப்படியே போச்சு. லீஃப் ஸ்பாட்டுக்கு வந்தது கடைசியில, ஒரே ஒரு கேள்வி.

இதுக்கெல்லாம் எனக்கு பதில் தெரிஞ்சதுக்கு காரணம் எங்க கைடு. வருஷா வருஷம் ஸ்கீமோட யூசி (வந்த காசை எதுக்கு செலவு பண்ணோம்னு காட்டுற சர்டிஃபிகேட்) ரெடி பண்றப்ப என்னைய பக்கத்துல உக்கார வெச்சு கணக்கு பார்க்கச் சொல்லுவாரு, அப்ப செம கடுப்பா இருக்கும், டேட்டா அனலைஸ் பண்ற நேரத்துல இது வேறயான்னு. ஆனா யூசிக்கான ஜிஎஃப்ஆர் 12-ஏ ஃபார்ம் ஒண்ண கையால நிரப்பிப் பாருங்க, பாதி புரிஞ்சுடும். கன்டின்ஜென்சிக்கு (அன்றாட சில்லறைச் செலவுக்கு) வந்த காசை நம்ம இஷ்டத்துக்கு எக்விப்மென்ட்டுக்கு மாத்த முடியாது, மிச்சம் இருந்தா அடுத்த ரிலீஸ்ல கழிச்சுக்குவாங்க, யூசி போகலன்னா அடுத்த தவணையே வராது. மார்ச் மாசம் எல்லா டிபார்ட்மென்ட்டும் கெமிக்கலும் ஃபெர்டிலைசரும் வாங்க ஏன் அப்படி பறக்குதுன்னு அப்பதான் விளங்கும்.

ஸ்டேட் சப்ஜெக்ட் கேள்விக்கு நான் சொன்னது: ஏழாவது அட்டவணையில மாநிலப் பட்டியல் 14வது என்ட்ரி, விவசாயம் மட்டும் இல்ல, விவசாயக் கல்வி, ஆராய்ச்சி எல்லாமே அதுலதான் இருக்கு. உயர்கல்வி தரத்தை நிர்ணயிக்கிறது மத்தியப் பட்டியல் 66. ஐசிஏஆர் பார்லிமென்ட் சட்டம் போட்டு உருவான அமைப்பு இல்ல, ராயல் கமிஷன் பரிந்துரைச்சு 1929 ஜூலை 16ல பதிவான சொசைட்டி. அதனால ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டிய அது உத்தரவு போட்டு நடத்த முடியாது, ஸ்கீம் குடுத்துதான் கூட சேத்துக்க முடியும். 1957ல மக்காச்சோளத்துல ஆரம்பிச்ச ஏஐசிஆர்பி அப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

அங்கேயே ஒருத்தர், நம்ம வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க லேண்ட் கிராண்ட் (அரசு நிலம் குடுத்து ஆரம்பிச்ச காலேஜ்) மாடல்தானேன்னு கொக்கி போட்டாரு. அந்த மாடல்ல முதல்ல வந்தது 1960 பந்த்நகர், ஆமா. ஆனா அங்க 1887ல ஹேட்ச் ஆக்ட்னு ஒண்ணு வந்துச்சு, ஒவ்வொரு ஸ்டேட்டோட எக்ஸ்பெரிமென்ட் ஸ்டேஷனுக்கும் வருஷா வருஷம் சட்டப்படி காசு போகும், இப்ப அது ஃபார்முலா கணக்கு, ஸ்டேட்டும் தன் பங்கை போடணும். நாம காலேஜ், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூணையும் ஒரே கூரைக்குள்ள கொண்டு வந்தோம், அந்த சட்டத்தை மட்டும் கொண்டு வரல. மாநில அரசு குடுக்குற கிராண்ட்ல பெரும்பங்கு சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போயிடுது, வயல்ல விதை போட ஸ்கீம் ஸ்கீமா கை ஏந்தணும். கடைசி வரி கொஞ்சம் ஓவரா போயிடுச்சோன்னு பயந்தேன், சேர்மன் சிரிச்சாரு.

பார்த்துட்டுப் போக வேண்டியது:

- உங்க தீசிஸ் எந்த ஸ்கீம், எந்த ஹெட் (செலவுக் கணக்குத் தலைப்பு). கோஆர்டினேட்டிங் யூனிட் எங்க இருக்கு (நிலக்கடலைக்கு ஜூனாகத்)
- டேர் (மத்திய வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறை) பட்ஜெட், 2025-26க்கு 10,466 கோடி. போன வருஷத்தோட ஒப்பிட்டு வெச்சுக்கோங்க
- தேசிய அளவுல வந்த விவசாய ஆராய்ச்சி, கல்வி ப்ராஜெக்ட்டுங்க: என்ஏடிபி 1998, என்ஏஐபி 2006, அப்புறம் என்ஏஹெச்இபி 1,100 கோடி, உலக வங்கி பாதி அரசு பாதி. மூணும் எதுக்கு வந்துச்சுன்னு ஒரு வரி போதும்
- 1940 செஸ் சட்டம் (விவசாய விளைபொருள் மேல போட்ட வரி). வயசான மெம்பர் இருந்தா கேப்பாங்க, ஐசிஏஆரோட அட்ஹாக் ஸ்கீம் ரொம்ப காலம் அந்த ஃபண்டுலதான் ஓடுச்சு
- ஆராய்ச்சிக்கு போடுற ஒரு ரூபாய்க்கு 13.85 ரூபாய் பலன்னு 2023-24 எகனாமிக் சர்வே சொல்லுது. கெத்தா இருக்கும், ஆனா எப்படி கணக்கு போட்டாங்கன்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு ரெடின்னா மட்டும் எடுத்து விடுங்க
- எஸ்எம்எஸ் (கேவிகேல இருக்குற பாட வல்லுநர் வேலை) எழுதுறவங்களுக்கு: கேவிகேக்கு (வேளாண் அறிவியல் நிலையம்) 75:25 கிடையாது, முழுசா ஐசிஏஆர் காசு. முதல் கேவிகே 1974 புதுச்சேரி

இன்னொண்ணு. வேற மாநிலத்துல படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன், சயின்ஸ்ல என்னைய விட நூறு மடங்கு மேல, சத்தியமா. அவனுக்கு ஸ்கீம் காசு மாசக்கணக்கா வரல, மூணு லொகேஷன் ட்ரையலை ரெண்டா குறைச்சுட்டான். ஏன் குறைச்சீங்கன்னு கேட்டதுக்கு மழை, பன்னி பூந்துடுச்சுன்னு ஏதோ சொல்லி சமாளிக்கப் பார்த்திருக்கான், அவங்க அந்த மழையையே பிடிச்சுக்கிட்டு எந்த மாசம், எத்தன மில்லிமீட்டர்னு துருவிட்டாங்க. காசு வரல, அதனால குறைச்சோம், ரெண்டு லொகேஷன் டேட்டாவுல இவ்ளோதான் சொல்ல முடியும்னு சொல்லிட்டுப் போங்கப்பா. எதிர்ல இருக்கறவங்க எல்லாம் அதே யூசில கையெழுத்துப் போட்டு தலை நரைச்சவங்க. அவன் பேரு லிஸ்ட்டுல இல்ல. எனக்கு இன்னும் ஜீரணிக்கல.

மாக் இன்டர்வியூ பத்தி கேக்காதீங்க, நான் போகல, எனக்கு கூட்டம் ஆகாது. ராத்திரி தனியா உக்காந்து டேர் ஆண்டறிக்கையும் பட்ஜெட் பேப்பரும் படிக்கிறதுதான் எனக்கு செட் ஆச்சு. அதுவும் முழுசா இல்ல, நம்ம பயிர் வர்ற பக்கம் மட்டும்.

மெயின்ஸ் ஆன்சர் ரைட்டிங் பத்தி தனியா எழுதுறேன். இப்ப மெடிக்கல், சர்டிஃபிகேட் வேலை தலைக்கு மேல இருக்கு, அப்புறம் ஹைதராபாத் நார்ம்ல (வேளாண் ஆராய்ச்சி மேலாண்மை அகாடமி) ட்ரெய்னிங். என் ஸ்கீமோட கடைசி வருஷ யூசி பாக்கியாம், கைடு காலைலயே ஃபோன் பண்ணிட்டாரு.