ஏழாவது பிளாக்கில்தான் பதில் வரும்

எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று முடிவு செய்யும் லோடு டெஸ்பாட்ச் மேசையில் ஒரு நாளை 96 துண்டுகளாகத்தான் பார்ப்போம். ஒரு துண்டு 15 நிமிடம். அதற்கு டைம் பிளாக் என்று பெயர். 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மின்தொகுப்பு விதிகளின்படி, மத்திய மின்நிலையத்திலிருந்து வரும் நம் பங்கைக் கூட்டிக் கேட்டால், கேட்ட பிளாக்கை ஒன்று என எண்ணி ஏழாவதிலோ எட்டாவதிலோதான் அது கைக்கு வரும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆரல்வாய்மொழியில் சட்டென்று ஓயும் காற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நான்கு கணவாய்களிலும் காற்று வீசும். அப்போது காற்றாலை மின்சாரம் நிறைய வருவதால், நிலக்கரியில் ஓடும் அனல் அலகுகளின் உற்பத்தியை இறக்கி வைக்கிறோம். 210 மெகாவாட் அலகை 55 சதவீதத்துக்கு இறக்கினால் 115 மெகாவாட் சொச்சம் ஓடும். காற்று விழுந்ததும் மீதி 95 மெகாவாட்டை ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சதவீதம், அதாவது 2.1 மெகாவாட் வீதம் ஏற்றினாலே 45 நிமிடம் ஆகும். பழைய அலகுகளில் அந்த வேகமும் எப்போதும் கிடைக்காது.

பாய்லர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் புரியும். லோடு இறங்க இறங்க நிலக்கரி அரைக்கும் மில்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். பாதி லோடில் மூன்று மில் ஓடும்போது ஒன்றில் ஈரக் கரி அடைத்துக்கொண்டால் தீ ஆட ஆரம்பிக்கும். தீயைக் கண்காணிக்கும் ஃபிளேம் ஸ்கேனர் சிமிட்டும். உடனே எண்ணெய் பீய்ச்சும் ஆயில் கன் போட்டுத் தீயைப் பிடித்து நிறுத்த வேண்டும். தாமதித்தால் பாய்லர் டிரிப், அதாவது தானாக நின்றுவிடும். மறுபடி மேலே வர ஒரு மில்லைத் தொடங்கிச் சூடாக்கி, கரி விட்டு, தீ நிலைத்த பிறகே அடுத்த மில். நீராவியின் வெப்பநிலை ஒரேயடியாக ஏறி இறங்கினால் குழாய்கள் களைத்துப்போய், சில மாதம் கழித்து டியூப் லீக்காக வந்து நிற்கும். இறக்கி ஏற்றியதன் விலை அன்றைய லாக் ஷீட்டில் தெரிவதில்லை.

இறக்குவதற்குப் பதிலாக அலகை நிறுத்திவிடலாமே என்று கேட்பார்கள். நிறுத்திய சில மணி நேரத்துக்குள் எடுத்தால் சூடாகவே எடுத்துவிடலாம். இரண்டு மூன்று நாள் ஆறவிட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேலேயே பிடிக்கும். மாலை ஐந்தரைக்குச் சூரிய மின்சாரம் சரிய, வீடுகளில் விளக்கு ஏற, அந்த நேரம் பார்த்துக் காற்றும் நின்றால், ஆறிக் கிடக்கும் அலகால் அன்றைக்கு ஒரு பயனும் இல்லை.

இங்கேதான் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணை மேசைக்கு வந்து சேருகிறது. மெரிட் ஆர்டரில் விலை குறைந்த மின்சாரம் முதலில். அது சரிதான். ஆனால் 55 சதவீதத்தில் ஓடும் அலகு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிக கரி தின்னும், ஆயிலும் கூடும். மத்திய நிலையங்களுக்கு இந்தக் குறைலோடு நஷ்டத்தை ஈடுகட்ட மத்திய ஆணையத்தின் விதி இருக்கிறது. மாநில அலகுகளுக்கும் அதே மாதிரி தெளிவான ஈடு இருந்தால்தான் நிலையத்தார் அலகைத் தயார் நிலையில் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் நிறுத்திவைப்பதே அவர்கள் கணக்குக்கு லாபம். தயாராக நிற்பதும் ஒரு வேலை. அதற்குக் கூலி உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

காற்றாலைகள் தங்கள் உற்பத்தியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற முன்கணிப்பு விதிகள் வந்தது பெரிய நன்மை. பிழையை அறிவித்த அளவை வைத்துக் கணக்கிடாமல், கிடைக்கக்கூடிய மொத்தத் திறனை வைத்துக் கணக்கிடுவதைப் பலர் சலுகையாகப் பார்க்கிறார்கள். 100 மெகாவாட் காற்றாலைப் பூங்கா 20 என்று சொல்லி 28 கொடுத்தால் பிழை 8 சதவீதம்தான். மேசையில் இருப்பவருக்கு வேண்டியதும் அந்த 8 மெகாவாட்தான். தொல்லை வேறு இடத்தில்: ஒரே கணவாயில் இருக்கும் பூங்காக்கள் எல்லாம் ஒரே பக்கம் தவறும். ஒன்றை ஒன்று ஈடுகட்டாது.

சட்டென்று கை கொடுப்பது நீர்மின்சாரம். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது நாடு முழுக்கத் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. எதிர்பார்த்தது 12,000 முதல் 14,000 வரைதான். அதிர்வெண் (தேவையும் உற்பத்தியும் ஒத்துப்போனால் 50 ஹெர்ட்ஸ்) 49.70க்கும் 50.26க்கும் இடையில் நின்றதற்கு, நீர்மின் அலகுகளைத் திட்டமிட்டு ஏற்றி வைத்து, மளமளவென இறக்கியது முக்கியக் காரணம். நம்மிடம் காடம்பாறையில் தலா 100 மெகாவாட்டில் நான்கு அலகுகள் உள்ளன. மிச்ச மின்சாரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டியபோது இறக்கலாம். நான்கு யூனிட் செலவழித்தால் சுமார் மூன்று திரும்பும். அந்த ஒரு யூனிட் இழப்பைக் காட்டித் திட்டத்தைக் குறை சொல்வது சரியல்ல. நிமிடங்களில் கிடைப்பதற்கான விலை அது.

எல்லாம் தவறினால் கடைசி அரண், துணைமின்நிலையத்தின் அண்டர் ஃப்ரீக்வென்சி ரிலே; அதிர்வெண் குறித்த அளவுக்குக் கீழே போனால் லோடைத் துண்டிக்கச் சொல்லும் கருவி. 49.4, 49.2, 49.0, 48.8 என நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் குறித்த லோடு தானாகக் கழல வேண்டும். 2012 ஜூலை 31 அன்று வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டபோது தெற்கு மின்தொகுப்பு தனி அதிர்வெண்ணில் ஓடியது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் லைன் வழி வந்த மின்சாரம் போனதும் இந்த ரிலேக்கள் லோடைக் கழற்றித் தெற்கைக் காப்பாற்றின. 2013 டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாடு முழுவதற்கும் ஒரே அதிர்வெண்.

ரிலே வேலை செய்யாமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. சுழற்சி மின்வெட்டுக்குக் குறித்த ஃபீடரையே (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ரிலேயிலும் சேர்த்திருப்பார்கள். அது ஏற்கெனவே அணைந்திருந்தால் கழற்ற ஒன்றும் இருக்காது. பகலில் சோலார் திருப்பி அனுப்பும் ஃபீடர் கழன்றால் லோடோடு உற்பத்தியும் போகும். ரிலே கட்டளை கொடுத்தும் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்காவிட்டால், அதை இயக்கும் 110 வோல்ட் பேட்டரியைப் பார்க்க வேண்டும்: டிஸ்டில்டு வாட்டர் வற்றிய ஒரு செல், உப்புப் பூத்த ஒரு முனை போதும். ஆகவே ஏப்ரலிலேயே, காற்று தொடங்கும் முன், லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி ரிலேயில் அதிர்வெண்ணைச் செலுத்தி, பிரேக்கர் உண்மையில் திறக்கிறதா என்பது வரை பார்க்க வேண்டும். ரிலேயில் விளக்கு எரிந்ததும் ‘சரி’ என்று பதிவேட்டில் எழுதினால் பாதிச் சோதனைதான் முடிந்திருக்கும்.